அந்நிய இணைப்பு: தொலைபேசிக் கம்பியின் முனை யாருடையது?

தொலைபேசியின் வரலாறு என்றால் பாடப்புத்தகம் நமக்குச் சொல்லித் தந்தது கண்டுபிடித்தவர்களின் வரலாறு. கிரகாம் பெல், 1876, கம்பியில் குரல் போயிற்று, கதை முடிந்தது. அந்தக் கம்பியின் முனையில் எதை மாட்டலாம், எதை மாட்டக்கூடாது, அதைத் தீர்மானிப்பது யார் என்பதாக இன்னொரு வரலாறும் இருக்கிறது. கட்டண அட்டவணைகளின் அடிக்குறிப்புகளிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் சிதறிக் கிடப்பதால் யாரும் அதை வரலாறு என்று எண்ணுவதில்லை. வீட்டில் இணையவழித் தொலைபேசி வைத்திருந்து, கம்பெனி கொடுத்த பெட்டியைக் கழற்றிவிட்டுத் தன்னுடைய பெட்டியை மாட்டப் பார்த்துத் தோற்றுப்போகிற எவருக்கும் இந்த வரலாற்றோடு உறவு உண்டு. அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எனக்கு நேர்ந்ததும் அதுதான். ஃபைபர் இணைப்போடு ஒரு தொலைபேசி எண்ணும் தந்தார்கள். வீட்டில் ஏற்கெனவே ஓர் அடாப்டர் இருந்தது, எந்தக் கம்பெனிக்கும் பூட்டப்படாதது. அதில் இந்த எண்ணை ஏற்ற மூன்று விஷயம் போதும்: சர்வரின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல். வாடிக்கையாளர் சேவைக்குப் பேசிக் கேட்டேன். மறுமுனையில் இருந்த பையன் நல்ல பையன், மரியாதையாகத்தான் சொன்னான்: "அதெல்லாம் கஸ்டமருக்குக் கொடுக்கிறதில்ல சார். பெட்டியே பாத்துக்கும்."

பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்கிற இந்தச் சொல்லாடலுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

பெல்லின் அடிப்படைக் காப்புரிமைகள் 1893, 1894 ஆண்டுகளில் காலாவதியாகின. அதற்குப் பிறகு அமெரிக்காவெங்கும் சிறு தொலைபேசிக் கம்பெனிகள் முளைத்தன. அவற்றை விழுங்கியும் இணைக்க மறுத்தும் ஏடி அண்ட் டி நிறுவனம் தன் ஏகபோகத்தைக் கட்டியது. 1907-ல் தலைமைக்குத் திரும்பி வந்த தியடோர் வெயில் அதற்கு ஒரு தத்துவம் கொடுத்தார்: ஒரே கொள்கை, ஒரே அமைப்பு, எல்லோருக்கும் சேவை. இதில் 'எல்லோருக்கும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அரசு சமாதானமாயிற்று. 'ஒரே' என்பதைக் கம்பெனி பிடித்துக்கொண்டது. கம்பி பெல்லுடையது. இணைப்பகமும் பெல்லுடையது. வீட்டுக்குள் மேஜைமேல் இருக்கும் கருவி அதன் துணை நிறுவனமான வெஸ்டர்ன் எலக்ட்ரிக் செய்தது. அதற்கு மாதாமாதம் வாடகை. வாழ்நாள் முழுக்க வாடகை கட்டினாலும் கருவி உங்களுடையதாகாது. (நம்மூரிலும் கறுப்புத் தொலைபேசி வெகுகாலம் துறையின் சொத்தாகத்தான் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. ஆனால் இங்கே அதற்கு வருடக்கணக்கில் காத்துக் கிடந்ததால், அது யாருடையது என்று கேட்கிற தெம்பு எவருக்கும் மிஞ்சவில்லை.)

இந்த ஏற்பாட்டின் சட்ட வடிவம் கட்டண விதியில் இருந்தது. கம்பெனி வழங்காத எந்தக் கருவியையும், சாதனத்தையும் கம்பெனியின் வசதிகளோடு இணைக்கக்கூடாது. நேரடியாகவும் கூடாது, தூண்டல் மூலமும் கூடாது, வேறெந்த வகையிலும் கூடாது. இப்படி இணைக்கப்படுகிற பொருளுக்கு அந்தத் தொழிலில் வைத்த பெயர் 'அந்நிய இணைப்பு'. யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில், உங்கள் மேஜையில், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள் அந்நியம். கம்பெனியின் பொருள்தான் வீட்டுக்காரன். ஒரு மையம் தன்னை நிறுவிக்கொள்ளும்போது தனக்கு வெளியே இருப்பதையெல்லாம் அந்நியமாகப் பெயர் சூட்டுவது தேசங்களின் சமாச்சாரம் மட்டுமில்லை.

இந்த விதி எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு கிண்ணம் சோதித்துக் காட்டியது. ஹஷ்-ஏ-ஃபோன் என்று பெயர். 1920-களின் தொடக்கத்திலிருந்து விற்பனையில் இருந்தது. தொலைபேசியின் பேசும் முனையில் மாட்டிக்கொண்டு அதற்குள் வாயை வைத்துப் பேசினால் பக்கத்து மேஜைக்காரனுக்குக் கேட்காது. மின்சாரம் இல்லை, கம்பி இல்லை, எதுவும் இல்லை. ஒரு லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது. 'இதை மாட்டினால் இணைப்பைத் துண்டிப்போம்' என்று வாங்கியவர்களைப் பெல்லின் ஆட்கள் மிரட்டுகிறார்கள் என்று அதன் முதலாளி ஹாரி டட்டில் 1948-ல் எஃப்.சி.சி. என்கிற கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தார். ஒலியியல் அறிஞர் லியோ பெரானெக்கும், பின்னாளில் கணினி வலையமைப்பின் முன்னோடியாக அறியப்பட்ட லிக்லைடரும் அவர் தரப்பில் சாட்சி சொன்னார்கள். ஒரு கிண்ணத்துக்கு!

ஆணையம் யோசித்தது, யோசித்தது, 1955-ல் பெல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கிண்ணத்தில் பேசினால் குரல் கொஞ்சம் மங்கலாகிறது, எதிர்முனைக்காரருக்குத் தெளிவு குறைகிறது, ஆகவே அமைப்புக்குத் தீங்கு. மறு ஆண்டே, 1956-ல், வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தள்ளுபடி செய்தது. நீதிபதி டேவிட் பேஸலோன் எழுதிய தீர்ப்பின் சாரம் எளிமையானது. ஒருவர் உள்ளங்கையைக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினாலும் இதே விளைவுதான். கையால் செய்யலாம், கருவியால் செய்யக்கூடாது என்பதில் நியாயமில்லை. பொதுவுக்குக் கேடில்லாமல் தனக்கு நன்மை தரும் விதத்தில் தன் தொலைபேசியைப் பயன்படுத்த ஒருவருக்கு உரிமை உண்டு.

இந்தக் கை-கிண்ணம் வாதத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். அதிகாரம் எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு இது ஒரு நிலவரைபடம் போடுகிறது. பெல்லின் கணக்கில் வலையமைப்பு தெருக்கம்பத்தோடு முடியவில்லை, வீட்டுச் சுவரோடு முடியவில்லை, கருவியோடும் முடியவில்லை. பேசுகிறவனின் உதட்டுக்கும் கருவிக்கும் இடையே உள்ள காற்றும் அதன் எல்லைக்குள். தீங்கு என்ற சொல்தான் அந்த எல்லையை இவ்வளவு தூரம் நீட்டித்தந்த ஆயுதம். எவனாவது தரமில்லாத கருவியை மாட்டி, கம்பியில் அதிக மின்னழுத்தம் பாய்ந்து, கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளி செத்துப்போனால்? கேட்க நியாயமான கேள்விதான். கிண்ணத்தால் யார் செத்தார்கள் என்று எதிர்க்கேள்வி கேட்க 8 வருடமும் ஒரு சிறு வியாபாரியின் சேமிப்பும் செலவாயின என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அடுத்து வந்தவர் தாமஸ் கார்ட்டர், டெக்சஸ்காரர். எண்ணெய்க் கிணறுகளிலும் மாட்டுப் பண்ணைகளிலும் இருப்பவர்களிடம் இருவழி வானொலி இருந்தது, தொலைபேசி இல்லை. அலுவலகத்தில் தொலைபேசி இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு தொட்டில் செய்தார். தொலைபேசியின் ரிசீவரை எடுத்துத் தொட்டிலில் வைத்தால், அங்கே பேசுவது வானொலிக்குப் போகும், வானொலியில் பேசுவது தொலைபேசிக்குப் போகும். மின்னிணைப்பு கிடையாது, ஒலியும் தூண்டலும்தான். 1959-க்கும் 1966-க்கும் இடையே சுமார் 3500 தொட்டில்கள் விற்றன. பெல் மிரட்டியது. கார்ட்டர் ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார், நீதிமன்றம் அதை எஃப்.சி.சி.க்கு அனுப்பிவைத்தது. 1968 ஜூனில் தீர்ப்பு வந்தது: அந்நிய இணைப்புத் தடை நியாயமற்றது, விதி எழுதிய நாளிலிருந்தே சட்டவிரோதமானது.

கார்ட்டர்ஃபோன் தீர்ப்பு என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் தோற்றவன் என்ன செய்தான் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏடி அண்ட் டி உடனே பணிந்தது, மறு ஆண்டே விதியைத் திருத்தியது. தாராளமாக மாட்டிக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் கருவிக்கும் எங்கள் கம்பிக்கும் நடுவே ஒரு பாதுகாப்புப் பெட்டி இருக்க வேண்டும். அந்தப் பெட்டியை நாங்கள்தான் தருவோம். அதற்கு மாத வாடகை. சொந்தக் கருவிக்காரனும் வாடகை கட்டினான். பெல்லின் சொந்தக் கருவிகளுக்கு அந்தப் பெட்டி தேவைப்படவில்லை. உரிமையை வாயால் ஒப்புக்கொண்டு பெட்டியால் திரும்ப எடுத்துக்கொள்கிற இந்த உத்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1975-ல் ஆணையம் 'பகுதி 68' என்கிற விதித்தொகுப்பைக் கொண்டுவந்து இந்தப் பெட்டியை ஒழித்தது. எந்தக் கருவியும் கம்பிக்குக் கேடு செய்யாது என்று சோதித்துப் பதிவு செய்துவிட்டால் போதும், யார் செய்தது என்ற கேள்வி இல்லை. சுவரில் அந்தச் சின்ன சதுர ஓட்டை, நாம் எல்லோரும் பார்த்திருக்கும் ஆர்.ஜே. 11 சாக்கெட், இந்த விதியின் குழந்தை. பதில் சொல்லும் கருவி, ஃபேக்ஸ், மோடம் எல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தன. பகுதி 68 இல்லையென்றால் வீட்டு இணையமே வேறு மாதிரி, ஒருவேளை கம்பெனி வாடகை மோடமாக மட்டும், வந்திருக்கும். மேற்கு ஜெர்மனியில் அஞ்சல் துறையே தொலைபேசி முதலாளியாக இருந்து, அனுமதி பெறாத மோடத்தை மாட்டுவதைக் குற்றமாக வைத்திருந்த 1980-களில், கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் ஆட்கள் கழிப்பறைக் குழாய்க்கான ரப்பர் வளையங்களைக்கொண்டு ரிசீவரைப் பொருத்தும் ஒலியிணைப்பு மோடம் செய்து, அதற்குத் 'தரவுக் கக்கூஸ்' என்றே பெயர் வைத்தார்கள். கார்ட்டரின் தொட்டில் அங்கே இப்படிப் பிறவி எடுத்தது.

இந்த இடத்தில் கார்ட்டரைக் கதாநாயகனாக்கி மாலை போட்டுவிட்டுப் போவது சுலபம். சந்தைவாதிகள் அதைத்தான் செய்கிறார்கள்: ஏகபோகம் உடைந்தது, போட்டி வந்தது, நுகர்வோன் சுதந்திரம் அடைந்தான். பெல்லின் எதிர்வாதம் ஒன்று உண்டு. கருவி வாடகையிலும் தொலைதூர அழைப்பிலும் வருகிற லாபத்தில்தான் வீட்டு இணைப்பின் மாதக் கட்டணத்தைக் குறைத்து வைத்திருக்கிறோம், லாபமுள்ள பகுதியை மட்டும் வெளியாள் கொத்திக்கொண்டு போனால் ஏழை வீட்டுக் கட்டணம் ஏறும் என்றார்கள். தன்னலத்துக்காகச் சொன்னதுதான், ஆனால் முழுப் பொய்யில்லை. 1984-ல் பெல் அமைப்பு பிளக்கப்பட்டதும் தொலைதூரக் கட்டணம் விழுந்தது, உள்ளூர்க் கட்டணம் ஏறியது. எண்ணெய்க் கிணற்று முதலாளிக்குக் கிடைத்த சுதந்திரத்துக்கு யாரிடம் வசூலித்தார்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் கார்ட்டர்ஃபோனைக் கொண்டாடுவது அரைகுறை வேலை.

சரி, இணையத்துக்கு வருவோம். 1995-ல் வோக்கல்டெக் என்ற இஸ்ரேலியக் கம்பெனி கணினிக்குக் கணினி பேசும் மென்பொருளை விற்கத் தொடங்கியது. 1999-ல் எஸ்.ஐ.பி. என்கிற அழைப்பு நெறிமுறை வெளியானது, 2002-ல் திருத்திய வடிவம் வந்தது. அது பொதுச் சொத்து. எவர் வேண்டுமானாலும் படிக்கலாம், கருவி செய்யலாம். அதே 1999-ல் அலபாமாவில் மார்க் ஸ்பென்சர் என்கிற இளைஞர், அலுவலகத் தொலைபேசி இணைப்பகம் வாங்கக் காசில்லாமல் தானே ஒன்றை எழுதி, ஆஸ்டெரிஸ்க் என்று பெயரிட்டு, மூலநிரலோடு ஊருக்குக் கொடுத்தார். ஆக, நெறிமுறை திறந்தது, மென்பொருள் திறந்தது. பெல்லுக்குக் காடு கரம்பெல்லாம் கம்பி இருந்தது. இணையத் தொலைபேசிக் கம்பெனிக்குக் கம்பியே கிடையாது, வாடிக்கையாளர் ஏற்கெனவே காசு கட்டி வைத்திருக்கும் இணைய இணைப்பின்மேல் அது சவாரி செய்கிறது. இங்கே எந்த முகத்தோடு ஒருவன் அந்நிய இணைப்பு என்று சொல்ல முடியும்?

சொன்னார்கள், வாயால் சொல்லவில்லை. 2002-ல் சேவை தொடங்கிய வோனேஜ் கம்பெனி, பழைய தொலைபேசியை மாட்ட ஓர் அடாப்டரைக் கொடுத்தது, முதலில் சிஸ்கோ செய்தது, பிறகு மோட்டரோலா, லிங்க்சிஸ். பெட்டிக்கு மின்சாரம் கொடுத்ததும் அது கம்பெனியின் சர்வரைத் தேடிப் போகும். மறையாக்கம் செய்த ஒரு கோப்பை இறக்கிக்கொள்ளும். பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அதற்குள். அமைப்புப் பக்கத்துக்கும் தனியே ஒரு நிர்வாகிக் கடவுச்சொல், அதுவும் கம்பெனியிடம். உங்கள் தொலைபேசி எண்ணின் சாவி உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியாது. இதில் தடை என்று எந்த விதியும் எழுதத் தேவையில்லை. 1968-ல் ரத்தானது எழுதிய விதி. எழுதாத விதியை எந்த நீதிமன்றத்தில் ரத்து செய்வது? பகுதி 68 கம்பியின் மின்குணங்களைப் பற்றிப் பேசியது. பூட்டு கம்பியிலிருந்து நழுவிக் கடவுச்சொல்லுக்குள் போய்விட்டது.

கம்பெனி சொன்ன காரணங்களில் நியாயமானதும் உண்டு. பெட்டியை அடக்க விலைக்குக் கீழே கொடுக்கிறோம், அதை எடுத்துக்கொண்டு போட்டிக் கம்பெனிக்குப் போனால்? எஸ்.ஐ.பி. கடவுச்சொல் வெளியே போனால் திருடர்கள் அதைக்கொண்டு சர்வதேச அழைப்புகளைக் கொட்டித் தள்ளுவார்கள் என்பதும் கற்பனையில்லை, இன்றுவரை நடக்கிற திருட்டு. எல்லாவற்றையும்விடக் கனமானது அவசர அழைப்பு. 2005 தொடக்கத்தில் ஹூஸ்டனில் ஒரு வீட்டுக்குள் கொள்ளையர் நுழைந்து பெற்றோரைச் சுட்டார்கள். மகள் வோனேஜ் தொலைபேசியில் 911 அடித்தாள். அழைப்பு போய்ச் சேரவில்லை. டெக்சஸ் மாநிலம் கம்பெனிமேல் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு எஃப்.சி.சி. இத்தகைய சேவைகள் அனைத்தும் 911 வசதி தர வேண்டும் என்று 120 நாள் கெடு வைத்தது. கவனியுங்கள், அந்த வீட்டில் தோற்றது வெளியாளின் கருவி இல்லை, 911-ஐச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்காத சேவை. ஆனால் பாதுகாப்பு என்ற சொல் அதன்பிறகு பூட்டுக்கு வக்காலத்து வாங்கப் பயன்பட்டது.

பூட்டின் முழு அர்த்தம் 2007 ஜூலையில் தெரிந்தது. சன்ராக்கெட் என்கிற கம்பெனி வருடச் சந்தாவை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு சேவை தந்துவந்தது, இரண்டு லட்சம் வாடிக்கையாளர்கள். ஒரு நாள் மூடிவிட்டுப் போயிற்று. முன்பணம் போனது ஒருபுறம். வீட்டுக்கு வீடு மின்சாரம் குடித்துக்கொண்டு, இல்லாத சர்வரைத் தேடிக்கொண்டு பெட்டிகள் கிடந்தன. பெட்டி பழுதில்லை. திறந்த நெறிமுறையில் பேசத் தெரிந்த பெட்டிதான். சாவி வைத்திருந்தவன் செத்துவிட்டான், அவ்வளவே. பெல் காலத்து அடிமைக்கருவியாவது முதலாளி இருக்கும்வரை வேலை செய்தது.

இதற்கு எதிராகத் தெருவில் இறங்கி யாரும் கோஷம் போடவில்லை. நடந்தது சின்னச் சின்ன மீறல். லிங்க்சிஸ் பி.ஏ.பி.2 என்கிற பெட்டியைக் கடையில் மலிவாக வாங்கி, அது முதன்முதலாகக் கம்பெனி சர்வரைத் தொடுவதற்கு முன்பே, வீட்டுக்குள் போலி சர்வர் ஒன்றை நிறுத்தி, அதையே கம்பெனி என்று நம்பவைத்துப் பூட்டைக் கழற்றினார்கள். இணையத்தில் ஒரு நிமிடம் மாட்டிவிட்டாலும் போச்சு, புதுப்பூட்டு இறங்கிவிடும். இன்னொரு பக்கம், சொந்தக் கருவியோடு வா, சாவியை நாங்களே தருகிறோம் என்று சொல்லும் சிறு கம்பெனிகளும் வந்தன. கால்சென்ட்ரிக், மான்ட்ரியலின் வாய்ப்.எம்.எஸ். போன்றவை அப்படி. பேசுகிற நிமிடத்துக்கு மட்டும் காசு. அங்கே போனவர்களுக்கு வேறு தொல்லை: ஒரு பக்கம் கேட்கும், மறுபக்கம் கேட்காது; ரௌட்டரின் முகவரி மாற்றம் குரலை வழிமறிக்கும்; எண் அழுத்தினால் வங்கியின் இயந்திரத்துக்குப் புரியாது. யாரைக் கேட்பது? கம்பெனி உங்கள் பெட்டியைக் கைகாட்டும், பெட்டிக்காரன் ரௌட்டரைக் கைகாட்டுவான். பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்பதில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது. அதை மறைத்துவிட்டு விடுதலை பேசுவது நேர்மையாகாது.

இணைய இணைப்பு தருகிறவனும் சும்மா இருக்கவில்லை. வட கரோலினாவைச் சேர்ந்த மேடிசன் ரிவர் என்கிற தொலைபேசிக் கம்பெனி, தன் இணையத்தின் வழியே வோனேஜ் அழைப்புகள் போகாதபடி வாயிலை அடைத்தது. 2005 மார்ச்சில் 15,000 டாலர் கட்டிவிட்டு, இனி அடைக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. அந்த ஆகஸ்டில் எஃப்.சி.சி. வெளியிட்ட கொள்கை அறிக்கை, வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத எந்தச் சட்டபூர்வக் கருவியையும் இணைக்க நுகர்வோருக்கு உரிமை உண்டு என்றது. தீங்கு என்ற அந்தப் பழைய சொல் அப்படியே உட்கார்ந்திருந்தது. பிறகு 2015-ல் விதியாக்கி, 2017-ல் ரத்து செய்து, 2024-ல் மீண்டும் கொண்டுவந்து, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடித்துப்போட்டது. இதற்கிடையே, தன் சொந்த ரௌட்டரை மாட்டிக்கொண்டவரிடமும் ரௌட்டர் வாடகை வசூலித்த கம்பெனிகளைத் தடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் 2019-ல் ஒரு சட்டமே போடவேண்டி வந்தது. 1969-ன் பாதுகாப்புப் பெட்டி வாடகைக்கு இதைவிட நேர் வாரிசு கிடைக்காது.

கேள்வியைச் சரியாகக் கேட்டது ஜெர்மனி. தொலைபேசியை முழுக்க இணைய நெறிமுறைக்கு மாற்றிக்கொண்டிருந்த காலத்தில், கம்பெனிகள் தங்கள் ரௌட்டரையே கட்டாயமாக்கி எஸ்.ஐ.பி. விவரங்களைத் தர மறுத்தன. ரௌட்டர் எங்கள் வலையமைப்பின் ஒரு பகுதி என்பது அவர்கள் வாதம். 'ரௌட்டர் கட்டாயம்' என்றே அதற்குப் பெயர் விழுந்து, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தவர் 2013-லிருந்து தொடர்ந்து கிளர்ச்சி செய்தார்கள். 2016 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்த சட்டம், வலையமைப்பு எங்கே முடிகிறது என்பதை வரையறுத்தது: சுவரில் இருக்கும் மின்சாரமில்லாத சாக்கெட்டோடு சரி. அதற்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் வீட்டுக்காரருடையது. தொலைபேசிச் சேவைக்குத் தேவையான விவரங்களை, கேட்காமலே, இலவசமாக, ஒப்பந்தத்தின்போதே கொடுத்துவிட வேண்டும். உதட்டருகே இருந்த காற்றுவரை நீண்டிருந்த எல்லை அங்கே சுவருக்குப் பின்வாங்கியது.

இந்தியாவில் 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசி அனுமதிக்கப்பட்டபோது, கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம், உள்நாட்டுத் தொலைபேசிக்குப் பேசக்கூடாது என்றிருந்தது. நியூயார்க்குக்குப் பேசலாம், நாகர்கோவிலுக்குக் கூடாது. 2018-ல்தான் உரிமம் பெற்ற கம்பெனிகளுக்கு அந்தக் கதவு ஒழுங்காகத் திறந்தது. பெட்டி யாருடையது என்ற பேச்சு இங்கே இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து அந்தப் பையனுக்கே மறுபடி அழைப்பு போனது, அல்லது அதே குரல் உள்ள வேறொரு பையன். ஜெர்மானியச் சட்டத்தை அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, சொல்லவில்லை. கடவுச்சொல் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். "எதுக்கு சார்? இப்ப போன் வேலை செய்யலையா?" என்றான். வேலை செய்கிறது என்றேன். "அப்புறம் என்ன சார்" என்று சொல்லிவிட்டு, புகார் எண் ஒன்றைக் கொடுத்தான்.